நம்பிக்கையும் சயின்ஸும் முட்டிக்கிட்டா என்ன பண்றது

கடவுள் இருக்காரா இல்லையான்னு இதுல பதில் கிடைக்கும்னு நெனச்சு வந்திருந்தா இப்பவே சொல்லிடுறேன், கிடைக்காது. நான் தினமும் கும்பிடுறவன், படிச்சது பிசிக்ஸ், ரெண்டையும் ஒரே தலைக்குள்ள வச்சு இருபது வருஷமா குடித்தனம் நடத்துறேன், அதுல அடிபட்டு கத்துக்கிட்ட சில வேலைகள் இருக்கு, அத மட்டும் சொல்றேன். நம்பிக்கையே இல்லாதவங்களுக்கும் இது உதவும், ஏன்னா அவங்க வீட்லயும் நம்புற ஆள் ஒருத்தராவது இருப்பாங்க.

மொதல்ல ஒரு நோட்டு எடுங்க. விளையாட்டுக்கு சொல்லல. எது முட்டுதுன்னு தோணுதோ அத ஒரு வாக்கியமா எழுதுங்க, தலைப்பா இல்ல, வாக்கியமா. "மதமா அறிவியலா"ன்னு எழுதினா விடிய விடிய பட்டிமன்றம் தான் நடக்கும். "பிரார்த்தனை பண்ணா நோய் குணமாகும்"னு எழுதுங்க, இப்ப கைக்கு ஏதோ ஒண்ணு அகப்பட்டுடுச்சு. அடுத்து அத வெங்காயம் மாதிரி உரிங்க. பிரார்த்தனை பண்ணா எனக்கு மனசு லேசாகுதுன்றது ஒண்ணு. நான் பண்ற பிரார்த்தனையால எங்கயோ படுத்திருக்குற இன்னொருத்தருக்கு உடம்பு சீக்கிரம் தேறும்ன்றது ஒண்ணு. நான் பேசுறத கேக்க மேல ஒருத்தர் இருக்கார்ன்றது இன்னொண்ணு. முதலாவது உங்க அனுபவம், அத யாரும் பிடுங்க முடியாது. மூணாவத எந்த லேப்லயும் வச்சு பாக்க வழியில்ல. நடுவுல இருக்குறது மட்டும் எண்ணிப் பாக்கக்கூடிய விஷயம், நோயாளிங்கள குழுவா பிரிச்சு ஒரு பக்கத்துக்கு மட்டும் பிரார்த்தனை பண்ணிட்டு யாரு தேறுறாங்கன்னு கணக்கெடுத்துடலாம்.

எடுத்தும் இருக்காங்க. அமெரிக்காவுல ஆறு ஆஸ்பத்திரில பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 1802 பேர வச்சு பண்ண ஆய்வு, முடிவு 2006ல வந்துச்சு. ரெண்டு குழுகிட்ட உங்களுக்காக பிரார்த்தனை நடக்கலாம் நடக்காமலும் போகலாம்னு சொன்னாங்க, அதுல நிஜமா நடந்தவங்கள்ல 52 சதவீதம் பேருக்கும் நடக்காதவங்கள்ல 51 சதவீதம் பேருக்கும் ஆபரேஷனுக்கு அப்பறம் ஏதாவது ஒரு சிக்கல் வந்துச்சு, அதாவது வித்தியாசமே இல்ல. மூணாவது குழுகிட்ட உங்களுக்கு கண்டிப்பா பிரார்த்தனை நடக்குதுன்னு சொல்லியே நடத்துனாங்க, அங்க 59 சதவீதம், கூடிடுச்சு. எனக்காக தனியா கும்பிடுற அளவுக்கா என் நிலமை மோசம்னு பயந்திருக்கலாம், தற்செயலாவும் இருக்கலாம்.

இத வச்சு ஒருத்தர் "பாத்தியா கடவுள் இல்ல"ன்னு சொன்னா அவரு மூணாவது வாக்கியத்துக்கு தாவிட்டார், ஆய்வு அத தொடவே இல்ல. இன்னொருத்தர் "எனக்கு பிரார்த்தனை பண்ணா நிம்மதியா இருக்கு, அதனால ஆய்வு தப்பு"ன்னு சொன்னா அவரு முதலாவதுக்கு தாவிட்டார். பாதி சண்டைக்கு காரணமே இந்த தாவல் தான். அதனால நோட்ல ரெண்டு பக்கம் ஒதுக்குங்க, ஒரு பக்கம் எண்ணிப் பாக்க முடியாதது, இன்னொரு பக்கம் எண்ணிப் பாக்கக்கூடியது. முதல் பக்கத்துல இருக்குறதுக்காக யார்கிட்டயும் மல்லுக்கட்ட வேண்டாம். ரெண்டாவது பக்கத்துல இருக்குறத, எவ்வளவு வலிச்சாலும், ஆதாரத்துக்கு விட்டுக்குடுக்க தயாரா இருக்கணும். நான் சொல்றதுல கஷ்டமான வேலை இது ஒண்ணு தான்.

அந்த தயார் நிலை நிஜமா இருக்கான்னு சோதிக்க ஒரு வழி இருக்கு. ஆதாரத்த தேடுறதுக்கு முன்னாடியே, எந்த மாதிரி ரிசல்ட் வந்தா நான் மாறுவேன்னு எழுதி வச்சிடுங்க. இத்தாலியோட தூரின் நகரத்துல ஏசுவோட உடல சுத்தினதா நம்பப்படுற துணி ஒண்ணு இருக்கு. 1988ல சர்ச் அனுமதியோட அதுலேர்ந்து சின்ன துண்டு வெட்டி ஆக்ஸ்போர்டு, சூரிச், அரிசோனான்னு மூணு இடத்துல கார்பன் டேட்டிங் (துணியில இருக்குற கார்பன அளந்து வயசு கண்டுபுடிக்கிற முறை) பண்ணாங்க, துணி 1260க்கும் 1390க்கும் நடுவுல உள்ளதுன்னு வந்துச்சு. வெட்டின இடம் பின்னாடி ஒட்டுப்போட்டு தைச்ச இடமா இருக்கலாம்னு அப்பறம் சில பேர் கேள்வி எழுப்புனாங்க, கேள்வி கேக்குறது தப்பே இல்ல. ஆனா அவங்க தனக்குத்தானே கேட்டுக்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு, ரிசல்ட் முதல் நூற்றாண்டுன்னு வந்திருந்தா அதே இடத்துல வெட்டினத குத்தம் சொல்லியிருப்பேனா? இல்லன்னா அங்க நடக்குறது ஆராய்ச்சி இல்ல, நாட்டாமை தீர்ப்ப எழுதி வச்சிட்டு சாட்சிய கூப்பிடுறது. நாத்திகம் பேசுறவங்களுக்கும் இதே கேள்வி தான், சலுகை கெடையாது.

இப்ப என் பழைய பாவம் ஒண்ண ஒத்துக்கணும். காலேஜ் முடிச்ச புதுசுல "அறிவியலே நிரூபிச்சிடுச்சு"ன்னு வர்ற மெசேஜ் எல்லாத்தயும் மொத ஆளா ஃபார்வர்டு பண்ணவன் நான். ஒரு நாள் கூட படிச்ச பொண்ணு, "இது பொய்னு தெரிஞ்சா நீ கும்பிடுறத நிறுத்திடுவியா"ன்னு கேட்டா. மாட்டேன்னேன். "அப்ப எதுக்குடா இது உனக்கு"ன்னு கேட்டுட்டு போயிட்டா, எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல.

இந்த ஃபார்வர்டு வியாதி எல்லா மதத்துலயும் ஒரே ஜாடை. பைபிள்ல யோசுவா சூரியன நிறுத்தின அந்த நாள் நாசா கம்ப்யூட்டர் கணக்குல காணாம போயிருந்துச்சுன்னு ஒரு கதை, அம்பது வருஷத்துக்கும் மேல சுத்துது. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவுல பாங்கு ஓசை கேட்டு இஸ்லாத்துக்கு மாறிட்டாருன்னு ஒண்ணு, 1983லயே அமெரிக்க வெளியுறவுத்துறை மூலமா மறுப்பு வந்துச்சு, கதை சாகல. சூரியன்லேர்ந்து ஓம் சத்தம் வருதுன்னு ஒண்ணு, சூரியன் அதிருதுன்றது உண்மை, ஆனா அந்த அதிர்வு நம்ம காதுக்கு எட்டாத அளவுக்கு மெதுவானது, பல ஆயிரம் மடங்கு வேகப்படுத்தி தான் சத்தமா மாத்துறாங்க, அதுல ஓம் கேக்குறது கேக்குறவங்க மனசுல. அனுப்புறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது இவ்வளவு தான்: யாரு எந்த வருஷம் எங்க வெளியிட்டாங்கன்னு அதுல இருக்கா, சம்பந்தப்பட்ட நிறுவனம் தன்னோட சைட்டுல அத சொல்லியிருக்கா, நம்ம மதத்துக்கு பதிலா வேற மதம் பேர் போட்டு வந்திருந்தா நம்புவோமா. கடைசி கேள்வியிலயே முக்காவாசி விழுந்துடும்.

நம்பிக்கைக்கு சயின்ஸ சாட்சிக்கு கூப்பிட்டா என்ன ஆகும்னு என்ன விட நல்லா தெரிஞ்சவரு ஜார்ஜ் லெமேத்ரு. பெல்ஜியத்துக்காரர், கத்தோலிக்க பாதிரியார், 1927ல பிரபஞ்சம் விரிவடையுதுன்னு கணக்கு போட்டு எழுதினவர், 1931ல எல்லாமே ஒரு ஆதி அணுவுலேர்ந்து வந்திருக்கலாம்னு சொன்னார், பின்னாடி பிக் பேங்னு பேர் வாங்கினது அது தான். ஆரம்பம்ன்ற பேச்சே மத வாடை அடிக்குதுன்னு வானியல் விஞ்ஞானி ஃப்ரெட் ஹாய்ல் மாதிரி ஆளுங்களுக்கு அது புடிக்கல. 1951ல போப் பன்னிரண்டாம் பயஸ் ஒரு உரையில இந்த அறிவியல் படைப்புக்கே சாட்சி சொல்ற மாதிரி இருக்குன்ற அர்த்தத்துல பேசுனார். வேற யாராவது இருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாங்க. லெமேத்ருக்கு சங்கடமா போச்சு, தன்னோட கணக்கு மதம், தத்துவம் எதுக்கும் சார்பு இல்லாததுன்னு அவரு நெனச்சார். நாளைக்கு வேற தியரி வந்து இத தள்ளிடுச்சுன்னா அப்ப கடவுளயும் சேத்து தள்ளிடுவீங்களான்றது தான் இதுல மாட்டிக்கிற கேள்வின்னு நான் புரிஞ்சுக்குறேன். அடுத்த வருஷம் வானியல் விஞ்ஞானிங்க முன்னாடி பேசுனப்ப போப் அந்த வாதத்த திரும்ப எடுக்கல.

இதோட அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு பொறி இருக்கு, "இத சயின்ஸால விளக்க முடியல, அதனால கடவுள்". நியூட்டனே அதுல விழுந்தார். கிரகங்க ஒண்ணையொண்ணு இழுக்குறதால காலப்போக்குல பாதை கொழம்பும், கடவுள் அப்பப்ப சரி பண்ண வேண்டியிருக்கும்னு நெனச்சார், கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு பிரெஞ்சு கணித மேதை லாப்லாஸ் கணக்கு போட்டு அந்த கொழப்பத்துக்கு பெரும்பகுதி விளக்கம் குடுத்துட்டார். தெரியாத இடத்துல கடவுள குடி வச்சா தெரியத் தெரிய அவர காலி பண்ண சொல்லணும், கும்பிடுற ஒருத்தர இத விட கேவலமா நடத்த முடியாது.

"சயின்ஸ் தான் தெனம் மாத்தி மாத்தி பேசுதே"ன்னு கேப்பாங்க. பேசும். வயித்துப்புண்ணுக்கு கவலையும் அமிலமும் தான் காரணம்னு இருந்தாங்க, பேரி மார்ஷல்னு ஒரு டாக்டர் 1984ல பாக்டீரியாவ தானே குடிச்சு காட்டுனார், 2005ல அதுக்கு நோபல் குடுத்தாங்க. ஆனா எல்லாமே ஒரே வேகத்துல மாறாது, நேத்து வந்த ஒத்த ஆய்வு சுலபமா கவுந்துடும், பூமிக்கு வயசு சுமார் 454 கோடி வருஷம்ன்றது பல வகை கதிரியக்க அளவு, விண்கல், நிலாக்கல்னு பல பக்கத்துலேர்ந்து வந்து ஒரே இடத்துல நிக்குற எண். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. "பரிணாமம் வெறும் தியரி தானே"ன்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, கிருமியால நோய் வருதுன்றதும் தியரி தான், சயின்ஸ்ல தியரின்னா சோதிச்சு நின்ன விளக்கம், டீக்கடையில சொல்ற தியரி இல்ல.

கலிலியோவ இழுக்காத வாக்குவாதமே இல்ல, அதனால அதயும் சரியா தெரிஞ்சு வச்சுக்கோங்க. 1633ல விசாரணை, வீட்டுக்காவல், தப்பு சர்ச் மேல தான், 1992ல போப் ரெண்டாம் ஜான் பால் அத ஒத்துக்கிட்டார். ஆனா அன்னைக்கு ஆதாரம் முழுசா கையில இல்ல, பூமி சூரியன சுத்துனா பக்கத்து நட்சத்திரங்க லேசா இடம் மாறி தெரியணும், அத 1838ல தான் ஜெர்மன் வானியல் விஞ்ஞானி பெஸ்ஸல் அளந்தார். பூமி சுத்துறதால தான் கடல் ஏறி இறங்குதுன்னு கலிலியோ பெருசா நம்புன வாதம் தப்பு. ஆனா கடைசில ஜெயிச்சது அவரோட முடிவு தான். ஒரு பக்கம் முட்டாளுங்க, ஒரு பக்கம் மேதைன்னு கதைய சுருக்கினா கேக்க நல்லா இருக்கும், அவ்வளவு தான்.

சாஸ்திரத்துல ஒரு வரி ஆதாரத்தோட மோதுதுன்னா, உங்க மதத்துலயே இதுக்கு முன்னாடி யாரு இத யோசிச்சாங்கன்னு தேடுங்க. மாற்று மதத்துக்காரரோ நாத்திகரோ சொன்னா ஏறாது, நம்மாளு சொன்னா ஏறும். கிறிஸ்தவ பிஷப் ஆகஸ்தீன் அஞ்சாம் நூற்றாண்டுலயே, வானம் பூமிய பத்தி நல்லா தெரிஞ்ச அவிசுவாசி முன்னாடி வேதத்த காட்டி உளறி மானத்த வாங்காதீங்கன்னு கிறிஸ்தவங்கள திட்டியிருக்கார். பன்னெண்டாம் நூற்றாண்டுல இஸ்லாமிய தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து, உண்மை உண்மைக்கு எதிரா போகாது, நிரூபணமானதோட வசனம் மோதுற மாதிரி தெரிஞ்சா வசனத்த வேற அர்த்தத்துல படிக்கணும்னு வாதாடுனார். பௌத்தத்துல சொன்ன ஒண்ண அறிவியல் தப்புன்னு உறுதியா காட்டிட்டா பௌத்தம் தான் மாறணும்னு தலாய் லாமா சொல்லியிருக்கார்.

வீட்ல ஒருத்தர் நம்பிக்கையால மருந்த நிறுத்தினா மட்டும் மேல சொன்னத எல்லாம் மூட்ட கட்டி வைங்க. அப்ப ஆய்வு, சதவீதம்னு ஆரம்பிச்சா நீங்க ஜெயிப்பீங்க, அவங்க மாத்திரைய ஒளிச்சு வச்சிடுவாங்க. "நேர்ந்துக்கிட்டத விட வேண்டாம், மாத்திரையயும் விட வேண்டாம், ரெண்டும் நடக்கட்டும்"னு ஆரம்பிங்க. அவங்க மதிக்குற மத பெரியவர கூட்டிட்டு வாங்க. நோயாளிக்கு நோன்புலேர்ந்து விலக்கு உண்டுன்னு குர்ஆன்லயே இருக்கு, உயிர காப்பாத்த ஓய்வுநாள் விதிய மீறலாம்னு யூத மரபுல இருக்கு, இது மாதிரி கதவு அவங்க மதத்துல எங்க இருக்குன்னு கண்டுபுடிங்க. சுகர் இருக்குறவங்க விரதம் இருந்தே ஆகணும்னா முன்கூட்டியே டாக்டர்கிட்ட போய் மாத்திரை, இன்சுலின் அளவ கேட்டுக்கணும், தானா கூட்டி கொறைக்க கூடாது. கொழந்தை விஷயம், மூச்சுத்திணறல், சுயநினைவு தப்புறதுன்னு வந்தா யார் மனசும் பாக்க வேண்டாம், தூக்கிட்டு ஓடுங்க, கோவத்த அப்பறம் வாங்கிக்கலாம்.

கடைசியா உங்களுக்கே ஆட்டம் கண்டா, அன்னைக்கு ராத்திரியே ஆத்திகனா நாத்திகனான்னு முடிவு பண்ணணும்னு யாரும் கெடு வைக்கல. கும்பிட தோணுனா கும்பிடுங்க, தோணலன்னா விடுங்க, நோட்ட மட்டும் மூடாதீங்க. என் நோட்டோட ரெண்டாவது பக்கத்துல ஆரம்பத்துல பதினோரு வாக்கியம் இருந்துச்சு, எட்டு அடிச்சாச்சு, எட்டாவத போன மாசம் தான் அடிச்சேன், அது எங்கம்மா சின்ன வயசுல எனக்கு சொன்ன வாக்கியம், பேனாவ வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அடுத்த நாள் காலையில வழக்கம்போல கும்பிட்டேன். இன்னும் மூணு இருக்கு.