செட்டிநாட்டு வீட்டு மோட்டாருக்கு ஆப் ஸ்கிரீன் தானா வர வைக்கிறது எப்படி

நம்ம பக்கம் நெறைய பெரிய வீடு வருஷத்துல பாதி நாள் பூட்டித்தான் கெடக்கு, வீட்டுக்காரங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, இங்க கானாடுகாத்தான்லயோ பள்ளத்தூர்லயோ வீட்டைப் பாத்துக்குற அண்ணன் ஒருத்தர்தான், அதனால மோட்டார், முகப்பு லைட்டு, இன்வெர்ட்டர் எல்லாம் போன்ல தெரியணும்னு கேக்குறாங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து கையால ஸ்கிரீன் வரையாதீங்க, தயவுசெஞ்சு. சாமான் தன்னைப் பத்தி ஒழுங்கா சொல்லிட்டா ஸ்கிரீன் தானா வரும்.

2002லயே அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஜெஃப்ரி நிக்கோல்ஸ், பிராட் மையர்ஸ்னு ஆராய்ச்சி செய்றவங்க எல்லாம் சேந்து இதைச் செஞ்சு காட்டிட்டாங்க. என்ன நிலை இருக்கு, என்ன கட்டளை கேக்கும், எது எதோட சேந்தது, எது எப்ப வேலை செய்யாது, இதை மட்டும் சாமான் சொல்லணும், பட்டன் எங்க வைக்கிறதுங்கிறதைக் கையில இருக்குற கருவி பாத்துக்கும். இதுல எது எப்ப வேலை செய்யாதுங்கிறதைத்தான் பலபேர் விட்டுர்றாங்க.

இப்ப வேலைக்கு வருவோம். ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு சாமானை எல்லாம் போன்ல காட்டுற சாஃப்ட்வேர்), கூடவே மாஸ்கிட்டோ புரோக்கர் (சாமானுக்கும் அதுக்கும் நடுவுல மெசேஜ் வாங்கிக் குடுக்குற சாஃப்ட்வேர்), மோட்டார் பக்கம் வைஃபை உள்ள ஒரு ஈஎஸ்பி32 போர்டு. மோட்டாரை நேரா ரிலேல மாட்டாதீங்க, நடுவுல கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்குற ஸ்விட்ச்) வேணும், அதை எலக்ட்ரீஷியனை வச்சே செய்ங்க.

போர்டு ஆன் ஆனதும் எம்க்யூடிடில (அந்த புரோக்கர் வழியா மெசேஜ் போற முறை) ஒவ்வொண்ணுக்கும் ஒரு கான்ஃபிக் மெசேஜ், அதாவது தன்னைப் பத்திச் சொல்ற மெசேஜ், அனுப்பணும். டாபிக், அதாவது மெசேஜோட விலாசம், இங்கிலீஷ் எழுத்துல 'ஹோம்அசிஸ்டன்ட்'ல ஆரம்பிச்சு, அடுத்து வகை (ஸ்விட்ச், சென்சார், நம்பர்), அடுத்து ஐடி, கடைசில 'கான்ஃபிக்'. ஐடில தமிழ் எழுத்து ஏத்துக்காது, ஆனா மெசேஜுக்குள்ள வர்ற பேரை தாராளமா தமிழ்லயே குடுங்க, 'மேல் டேங்க் மோட்டார்'னு இருந்தா அப்பத்தாவுக்கும் புரியும், 'ரிலே 1'னு இருந்தா யாருக்கும் புரியாது.

டேங்க் மட்டத்தை சென்சாரா, யூனிட் சதவீதம்னு சொல்லி அனுப்புங்க. மோட்டார் எத்தனை நிமிஷத்துல தானா நிக்கணுங்கிறது நம்பர் வகை, கம்மி 5, அதிகம் 40, படி 5னு குடுத்தாப் போதும், ஸ்லைடர் தானா வந்துரும், 400னு யாரும் தப்பா அடிக்கவும் முடியாது. மோட்டார் ஸ்விட்ச், டேங்க் மட்டம், நிமிஷம் மூணுலயும் யூனிக் ஐடி தனித்தனியாவும் டிவைஸ் ஐடென்டிஃபையர் (எந்த சாமானோடதுன்னு சொல்ற அடையாளம்) ஒண்ணாவும் இருந்தா ஒரே பக்கத்துல சேந்து நிக்கும். சஜஸ்டட் ஏரியால 'வளவு', 'முகப்பு', 'இரண்டாம் கட்டு'ன்னு போட்டுட்டா முதல் தடவை சேரும்போதே அந்தந்த இடத்துக்குக் கீழ போயிரும்.

இப்ப அந்த விட்டுப்போற விஷயம். கீழ் தொட்டில தண்ணி இல்லாதப்ப மோட்டார் பட்டனை அமுக்கவே முடியக்கூடாது. கான்ஃபிக்ல அவெய்லபிலிட்டின்னு (இப்ப வேலை செய்யுமாங்கிறது) ஒரு இடம் இருக்கு, அதுல ரெண்டு டாபிக் குடுங்க, ஒண்ணு போர்டு உயிரோட இருக்கா, இன்னொண்ணு தொட்டில தண்ணி இருக்கா, அப்புறம் மோடை 'ஆல்'னு வைங்க. ரெண்டுல ஒண்ணு ஆஃப்லைன்னு சொன்னாலும் பட்டன் மங்கிரும். ஆனா ஒண்ணு, மங்குன பட்டன்ல ஓடுற மோட்டாரை நிறுத்தவும் முடியாது! அதனால தண்ணி தீந்தா மோட்டாரை நிறுத்துறது போர்டுக்குள்ளயே இருக்கணும், ஸ்கிரீனை நம்பி விடவே கூடாது.

கான்ஃபிக் மெசேஜுக்கு ரிட்டெய்ன் (கடைசி மெசேஜை புரோக்கரே வச்சுக்கிறது) கட்டாயம் போடுங்க. இல்லாட்டி கரண்ட் போய் வந்து ஹோம் அசிஸ்டன்ட் ரீஸ்டார்ட் ஆகுறப்ப, போர்டு திரும்ப அனுப்புற வரைக்கும் அந்த சாமான் ஸ்கிரீன்ல வேலை செய்யாம நிக்கும், கரண்ட் எப்ப போகும்னு சொல்லவா வேணும். நம்ம வீட்டுச் சுவர் கனத்துக்கு முகப்புல இருக்குற வைஃபை பின்கட்டுக்கு வராது, அங்க ஒரு ஆக்சஸ் பாயின்ட் தனியா வயர் இழுத்துப் போடுங்க. பழைய சாமானை எடுக்கணும்னா அதே டாபிக்ல வெறும் மெசேஜ் ரிட்டெய்னோட அனுப்புங்க, ஸ்கிரீன்ல இருந்து போயிரும்.