திரையில் பார்த்த புதுச்சேரியை நேரில் பார்க்க: தனி வழிகாட்டியுடன் ஒரு சுற்று

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் புதுச்சேரிக்குப் பெரும்பாலும் ஒரு நாளைத்தான் ஒதுக்குகின்றன. அந்த ஒரு நாளும் ஆசிரமம், ஆரோவில், கடற்கரைச் சாலை என்று ஓடி முடிந்துவிடுகிறது. உடன் வரும் பிள்ளைகளோ இந்த ஊரை ஏற்கெனவே திரையில் பார்த்திருப்பார்கள். "இது அந்தப் படத்தில் வந்த தெருதானே?" என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல ஆளில்லாமல் போவது உண்டு. படப்பிடிப்பு நடந்த இடங்களை மட்டும் குறிவைத்து, உங்கள் குடும்பத்துக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு சுற்றுவதற்குப் புதுச்சேரியும் அதை ஒட்டிய கடலூர் மாவட்டமும் மிகவும் ஏற்றவை. இடங்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன. நடந்தே பார்க்கக்கூடியவை பாதிக்குப் பாதி.

புறப்படும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் பார்க்க விரும்பும் படங்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எடுக்கப்பட்ட ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு எதற்கு என்று தோன்றலாம். இந்தக் கடலோரத்தின் முகம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தின் பெருமரங்களை வேரோடு சாய்த்தது. கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நின்ற மேரி என்னும் பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது; இன்று அங்கே நிற்பது பழைய வடிவத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்ட கட்டடம். வெறும் கருங்கற்களாகத் திரையில் தெரிந்த கரையில், கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைக்கப்பட்ட பிறகு, தலைமைச் செயலகத்தின் எதிரே மணற்பரப்பு உருவாகியிருக்கிறது. எத்தனையோ பாடல் காட்சிகளுக்குப் பின்னணியாக இருந்த பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. ஆகவே, ஒரு காட்சியோடு இடம் பொருந்தவில்லை என்றால் வழிகாட்டி தவறான இடத்துக்கு அழைத்து வந்துவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்; படத்தின் ஆண்டைப் பாருங்கள்.

ஆங் லீ இயக்கி 2012இல் வெளிவந்த லைஃப் ஆஃப் பை படத்துக்கு இந்தச் சுற்றில் முதலிடம் கொடுக்கலாம். இயக்குநருக்கான விருது உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற அப்படம் புதுச்சேரியில் 2011 ஜனவரியில், அதாவது தானே புயலுக்குப் பதினோரு மாதங்களுக்கு முன்பு எடுக்கப்பட்டது. நாயகனின் தந்தை நடத்தும் விலங்குக் காட்சிச்சாலையாகத் திரையில் வருவது, மறைமலையடிகள் சாலையில் உள்ள தாவரவியல் பூங்கா. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய இப்பூங்காவில் விலங்குக் காட்சிச்சாலை கிடையாது. கூண்டுகளும் வளைவுகளும் படத்துக்காக அமைக்கப்பட்டவை. புலியைத் தேடி வரும் பிள்ளைகளுக்கு இதை வாயிலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாயகன் தன் பெயரைக் கரும்பலகையில் விளக்கும் பள்ளி, 1844 முதல் இயங்கிவரும் பெத்தி செமினார் பள்ளி. இது பாடம் நடக்கும் பள்ளிக்கூடம் என்பதால், முன்கூட்டியே அனுமதி பெறாமல் வளாகத்துக்குள் நுழைய முயல வேண்டாம். வெளியிலிருந்து முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதே படத்தில் இரவு நேரத்தில் அகல் விளக்குகள் மிதக்கும் குளமும் தெப்பமும் வரும் காட்சி, நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலில் எடுக்கப்பட்டது. என் பார்வையில் இந்தச் சுற்றின் மிகச் சிறந்த நிறுத்தம் இதுதான். படத்தை மறந்துவிட்டுப் பார்த்தாலும் பார்க்கத் தகுந்த சோழர் காலக் கோயில் இது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்த தேரோட்டம் இங்குதான் நடக்கிறது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொட்டு இழுப்பது வழக்கம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையில் வெயில் ஏறுவதற்குள் செல்லுங்கள், அல்லது மாலை நான்கு மணிக்கு மேல் செல்லுங்கள். மாலைதான் மேல்: குளத்தின் படிக்கட்டில் அமர்ந்தால் கோபுரத்தின் நிழல் நீரில் விழுவது தெரியும், திரையில் கேமரா எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். கருவறைப் பக்கம் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். பிரகாரத்தில் படம் எடுக்கும் முன், "சாமி, இங்கே போட்டோ எடுக்கலாமா?" என்று குருக்களிடமோ, "ஐயா" என்று விளித்துக் காவலாளியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இராது.

வழிகாட்டியை அமர்த்தும் விஷயத்துக்கு வருவோம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வைத்திருப்பார்கள். அதைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் தேவையில்லை. கடற்கரைச் சாலையில் உள்ள புதுச்சேரி சுற்றுலாத் துறையின் தகவல் மையத்தில் விசாரிக்கலாம். பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளையும் நீண்ட காலமாக மரபுநடைகளை நடத்திவருகிறது. அவர்களோடு பழகியவர்களுக்குத் தெருக்களின் வரலாறு அத்துபடி, ஆனால் சினிமா தெரிந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சினிமா தெரிந்தவருக்கு வரலாறு தெரியாமல் இருக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால் வரலாறு தெரிந்தவரையே தேருங்கள். படப் பட்டியலை நீங்கள் கொடுத்துவிடலாம், தெருவின் கதையைக் கைப்பேசியில் தேடிக்கொண்டே நடக்க முடியாது. வண்டி ஓட்டுபவரே "நானே கைடு சார்" என்று முன்வருவதும் உண்டு. அவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வண்டியை விட்டு இறங்கி, பிரெஞ்சுக் காலத்து வீடுகள் நிற்கும் ஒயிட் டவுன் பகுதிக்குள் உங்களோடு நடக்க அவரால் முடியாது என்பதையும், கைவினைக் கடை வாசலில் வண்டி நிற்கும் நேரம் கூடிப்போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழிகாட்டியின் அறிவைச் சோதிக்க ஓர் எளிய கேள்வி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசும்போது, லைஃப் ஆஃப் பை படத்தின் கடல் காட்சிகள் எங்கே எடுக்கப்பட்டன என்று கேளுங்கள். "இதோ நம்ம பாண்டிக் கடலில்தான்" என்று பதில் வந்தால் வேறொருவரைத் தேடுங்கள். அவை தைவானில், பழைய விமான நிலையம் ஒன்றில் கட்டப்பட்ட மாபெரும் அலைத் தொட்டியில் எடுக்கப்பட்டவை. சரியான பதில் வந்தால் உங்கள் பட்டியலை அனுப்பி, ஒவ்வொரு காட்சிக்கும் எந்த இடம் என்று எழுத்தில் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கட்டணம் தலைக்கு இவ்வளவா, குழுவுக்கு மொத்தமாகவா. எத்தனை மணி நேரம். வண்டி, நுழைவுச்சீட்டு, படகு, மதிய உணவு ஆகியவை அடக்கமா, தனியா. பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ விளக்குவாரா. மழை வந்தால் நாளை மாற்றிக்கொள்ளலாமா என்பவற்றையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். பிரான்சிலிருந்து வரும் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு பேசும் வழிகாட்டி கிடைப்பது வேறெந்தத் தமிழ் ஊரையும்விட இங்கே எளிது.

ஒயிட் டவுன் தெருக்களுக்குக் காலை ஆறரை மணிக்கே வந்துவிடுங்கள். விக்னேஷ் சிவன் இயக்கத்தில் 2015இல் வெளிவந்த நானும் ரௌடிதான் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மஞ்சள் சுவர்களும் கடற்கரையும் அறிமுகமானவையே. பாண்டிச்சேரியைப் பின்னணியாக மட்டும் வைக்காமல் கதையின் ஊராகவே வைத்த படம் அது. கடல் கிழக்கே இருப்பதால், ரோமன் ரோலண்ட் வீதி, துய்மா வீதி, சுய்ஃப்ரேன் வீதி போன்று வடக்குத் தெற்காக ஓடும் தெருக்களில் மேற்கு வரிசை வீடுகளின் முகப்பில்தான் காலை வெயில் நேராக விழும். காகிதப்பூக் கொடி சுவர்மீது கவிந்து, அதன் நிழல் மஞ்சள் சுண்ணாம்பில் அசையும் அந்த வெளிச்சம் ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணிவரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. அந்த நேரத்துக்குள் காந்தி சிலையிலிருந்து தெற்கே நடந்தால் சட்டகத்துக்குள் ஒரு கார்கூட வராது. வார இறுதிகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கூட்டம் தெருக்களை நிறைத்துவிடும் என்பதால் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களையே பரிந்துரைப்பேன்.

இங்கே ஒரு வேண்டுகோளையும் வைக்க வேண்டியிருக்கிறது. இத்தெருக்களில் உள்ளவை ஆள் குடியிருக்கும் வீடுகள். விடியற்காலையிலிருந்து வாசற்படியில் ஏறி நின்று, கதவில் சாய்ந்து, படம் எடுப்பவர்களால் சலித்துப்போன வீட்டுக்காரர்கள் பலர் உண்டு. சிலர் படம் எடுக்கக்கூடாது என்று பலகையே மாட்டியிருக்கிறார்கள். கைப்பேசியில் தெருவிலிருந்து எடுப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. முக்காலி, விளக்கு, உடைமாற்றம் என்று இறங்கினால் அது படப்பிடிப்பாகவே கருதப்படும், அதற்கான அனுமதியும் கட்டணமும் வேறு. சாம்பல் நிறம் பூசிய கட்டடங்கள் அரவிந்தர் ஆசிரமத்துக்கு உரியவை. ஆசிரமத்துக்குள் அனுமதியின்றிப் படம் எடுக்க முடியாது. ஒயிட் டவுனின் எல்லையாக ஓடும் கால்வாயைத் தாண்டி மேற்கே வந்து, திண்ணையும் முன்தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகள் வரிசையாக நிற்கும் வைசியாள் வீதியையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். மஞ்சள் சுவர்கள் மேல் கேமராவுக்கு உள்ள மோகத்தில் இப்பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. உண்மையில் மீட்டெடுப்புக்காக யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்ற தெரு இது.

இரண்டாம் நாள் கிடைக்குமானால் கடலூர் மாவட்டத்துக்குச் செல்லுங்கள். பண்ருட்டி அருகே பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான், தன் நாவலைத் தழுவி 2007இல் எடுத்த ஒன்பது ரூபாய் நோட்டு படத்தில் இந்தச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் பலாமரமும் கதைமாந்தர்களாகவே வரும். தானே புயலுக்கு முன்பு எடுத்த படம் என்பதால், அன்றைய முதிர்ந்த பலாமரங்களில் பலவற்றை அதில் மட்டுமே பார்க்க முடியும். இப்போது சாலையோரத்தில் தெரிபவற்றில் பல அதற்குப் பின் வளர்ந்தவை. மே முதல் ஜூலை வரை சென்றால் பண்ருட்டிச் சாலையோரம் பலாப்பழக் குவியல்களைக் காணலாம். நெய்வேலிச் சுரங்கத்தைக் குறித்துப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். 2020 பிப்ரவரியில் மாஸ்டர் படப்பிடிப்பின்போது விஜய் வண்டியின் மேலேறி ரசிகர் கூட்டத்தோடு எடுத்துக்கொண்ட செல்ஃபியால் அந்த ஊர் பேசப்பட்டது உண்மைதான். ஆனால் சுரங்கத்துக்குள் செல்ல நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. ஜெய் பீம் படத்தின் கதைக்கு மூலமான காவல்நிலைய மரணமும் இம்மாவட்டத்தில் நடந்ததே. அந்தச் சிற்றூரைச் சுற்றுலா நிறுத்தமாகச் சேர்க்க முன்வரும் வழிகாட்டியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இழப்பைச் சுமந்து வாழ்பவர்களின் வீட்டு வாசல் அது.

மீதி நேரம் முழுவதையும் பிச்சாவரத்துக்குக் கொடுக்கலாம். சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள இந்த அலையாத்திக் காட்டில்தான் 1975இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் இதயக்கனி படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்டன. பாட்டி, தாத்தாக்கள் உடன் வந்தால் இங்கே அவர்கள்தான் வழிகாட்டி. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல, 2017இல் வெளிவந்த துப்பறிவாளன் படத்தின் இறுதிக்கட்டம் இருக்கிறது. படகுத்துறையில் இயந்திரப் படகும் துடுப்புப் படகும் கிடைக்கும். இயந்திரப் படகு அகன்ற நீர்ப்பரப்பில் மட்டுமே செல்லும். திரையில் பார்த்த, இருபுறமும் சுரபுன்னை வேர்கள் நிற்க, கிளைகள் கூரையாக வளைந்த குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழைய வேண்டுமென்றால் துடுப்புப் படகைத்தான் எடுக்க வேண்டும். உட்புறம் செல்ல எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம் என்பதைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடுநீரில் பேரம் பேசும் நிலை வர வேண்டாம். கிளைகளை ஒடிக்கவோ இலைகளைக் கிள்ளவோ பிள்ளைகளை விடாதீர்கள்: தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வையிழப்பும் ஏற்படும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் அதை உடன் கொண்டுவர வேண்டும். அருங்காட்சியகங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணத்தையே செலுத்த அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அட்டையைக் காட்டாமல் கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. ட்ரோன் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 2022 பிப்ரவரி முதல் அதன் இறக்குமதிக்குத் தடை இருப்பதால் விமான நிலையச் சுங்கத்திலேயே பறிபோகும். படகோட்டிக்கும் இளநீர்க் கடைக்கும் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒரே இரவில் வெள்ளக்காடாக்கியது. அந்த வாரங்களில் வர நேர்ந்தால் பிச்சாவரத்துக்கான முன்பணத்தைச் செலுத்தும் முன் வானிலை அறிக்கையைப் பாருங்கள். படகுகள் நிறுத்தப்பட்டால் அந்த நாளை வில்லியனூருக்கு மாற்றிக்கொள்ள வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.