டுஷேன் மரபணு சிகிச்சைக்குப் பின் வீட்டில் நடக்கும் தவறுகள்

டுஷேன் தசைச் சிதைவுக்கான மரபணு சிகிச்சையில் மருந்து ஏறி முடிய ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகும். பயப்பட வேண்டியது அதற்குப் பின் வரும் வாரங்களுக்குத்தான். இந்தச் சிகிச்சைக்கான எலெவிடிஸ் என்ற மருந்தில் உடல் எடைக் கிலோவுக்கு 133 லட்சம் கோடி மரபணுப் பிரதிகள் போகின்றன. ஒவ்வொன்றும் ஏஏவி என்ற வைரஸின் உறைக்குள் இருக்கிறது. அந்த வைரஸ் நோய் உண்டாக்காது, ஆனால் உடல் அதைப் படையெடுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு எதிரான எதிரணுக்கள் (ஆன்டிபாடி) உருவாகிவிடுவதால் இரண்டாம் முறை கொடுக்கவும் வழியில்லை.

பெரிய தவறு சிகிச்சைக்கு முன்பே நடக்கிறது. மரபணு அறிக்கையில் ‘டிலீஷன்’ (மரபணுவில் ஒரு பகுதி இல்லை) என்று பார்த்ததும் பலர் அறிக்கையை மூடிவிடுகிறார்கள். இல்லாதது எந்த எக்ஸான், அதாவது மரபணுவின் எந்தத் துண்டு, என்பதுதான் கேள்வி. எக்ஸான் 8 அல்லது 9 இல்லாத பிள்ளைக்கு இந்த மருந்து கூடாது. டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்தின் அந்தப் பகுதியை அவன் உடல் பார்த்ததே இல்லை. புதிதாக உருவாகும் டிஸ்ட்ரோபினை அந்நியமாக எண்ணி, சொந்தத் தசையையே தாக்கக்கூடும். இது பெரும்பாலும் மருந்து ஏறி ஒரு மாதத்தை ஒட்டி வரும்: கழுத்து தொங்கும், குரல் மூக்கால் வரும், விழுங்கச் சிரமப்படுவான். ‘டுஷேன் என்றால் இப்படித்தான்’ என்று காத்திருக்காதீர்கள்.

சிகிச்சைக்கு முன் பார்க்கும் எதிரணு அளவு அண்ணனுக்குக் குறைவாக இருந்ததை வைத்துத் தம்பிக்கும் அப்படித்தான் என்று நினைக்க முடியாது. தம்பிக்கு இயற்கையாகவே இந்த வகை வைரஸ் தொற்றியிருக்கலாம். எதிரணு அளவு 1:400 (ரத்தத்தை 400 மடங்கு நீர்த்தாலும் எதிரணு தென்படும் அளவு) அல்லது அதற்கு மேல் இருந்தால் எலெவிடிஸ் பரிந்துரைக்கப்படுவதில்லை.

அடுத்தது கல்லீரல். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற நொதிகள் இரண்டும் டுஷேன் பிள்ளைக்கு எப்போதுமே உயர்ந்திருக்கும், ஏனென்றால் அவை சிதையும் தசையிலிருந்தும் வருகின்றன. அதனால் ‘இவனுக்கு எப்பவும் ஏஎல்டி அதிகம்தான்’ என்று கல்லீரல் பாதிப்பைத் தவறவிடுவது எளிது. ஜிஜிடி என்ற இன்னொரு நொதி தசையிலிருந்து வருவதில்லை. அதையும், காமாலையில் கூடும் மஞ்சள் நிறமியான பிலிருபினையும் பாருங்கள். சிகிச்சைக்கு முந்தைய எண் கையில் இல்லாவிட்டால் பிந்தைய எண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்? பரிசோதனை வாரம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஒரே ஆய்வகத்தில். டாக்டர் கோலாலம்பூரிலும் வீடு பட்டர்வொர்த்திலும் என்றால் ரத்தத்தைப் பினாங்கிலேயே கொடுக்கலாம். முடிவு மட்டும் அன்றே டாக்டர் கைக்குப் போக வேண்டும். வெளிநாட்டில் சிகிச்சை முடிந்த கையோடு விமானம் ஏறாதீர்கள். முதல் இரண்டு மாதம் தக்க மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

2025இல் எலெவிடிஸ் பெற்ற, நடக்க இயலாத இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். அதன் பின் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நடக்க இயலாதவர்களுக்கான அனுமதியை நீக்கியது. பிள்ளையின் கண் மஞ்சளிக்கும்போது பாட்டி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்குவது அன்பினால்தான். ஆனால் இது எதிர்ப்பாற்றல் கல்லீரலைத் தாக்குவதால் வரும் காமாலை. கீழாநெல்லி, ஜாமு எதுவும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பழுப்புச் சிறுநீர், ஓயாத வாந்தி, அசாதாரணத் தூக்கம் இவற்றுக்கும் அதே விதி.

எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை குறைந்தது 60 நாள். முகம் உப்பும், பசி அடங்காது, எரிந்து விழுவான். அதைப் பார்த்து மாத்திரையைத் தாமாக நிறுத்துவது இரட்டை ஆபத்து: எதிர்ப்பாற்றல் சீறி எழும், அட்ரினல் சுரப்பியும் கைவிடும். மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்டீராய்டு உப்பல் மெல்ல வரும். முதல் இரண்டு வாரத்தில் திடீரென வீங்கி, சிறுநீரும் குறைந்தால் அது சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுவதாக இருக்கலாம். தட்டணுக்களை அன்றே பார்க்க வேண்டும்.

தடுப்பூசிகளை ஸ்டீராய்டு தொடங்க நான்கு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும்போது கூட்டத்தில் தொற்று எளிதில் பிடிக்கும் என்பதால் அந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பத்துமலையோ தண்ணீர்மலையோ வேண்டாம். வேண்டுதலை அடுத்த ஆண்டு செலுத்தலாம்.

நள்ளிரவு அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர் இந்த மருந்தைக் கேள்விப்படாதவராக இருக்கலாம். மருந்தின் பெயர், ஏறிய தேதி, இன்றைய ஸ்டீராய்டு அளவு, கடைசி ஜிஜிடி, சிகிச்சை தந்தவரின் எண் ஆகியவற்றை மலாயிலோ ஆங்கிலத்திலோ ஓர் அட்டையில் எழுதி, பிள்ளையின் பையிலேயே வையுங்கள்.