40 அடி ரோட்டுல நடக்க இடம் எடுக்கறது எப்படி

மொதல்ல ஒரு டேப் வாங்குங்க. 30 மீட்டர் டேப்பு, ஹார்டுவேர் கடைல கிடைக்கும். டிசைன், மனு, கவுன்சிலர் எல்லாம் அப்பறம். ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு ரெண்டு பேரா இறங்கி, இந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர்லேருந்து அந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர் வரைக்கும் அளங்க. தார் முடியுற எடத்துல நிறுத்திடாதீங்க, நெறைய பேர் பண்ற தப்பு அதுதான். சுவருக்கும் தாருக்கும் நடுவுல கெடக்குற மண்ணு, பூந்தொட்டி, கார் ஏத்த வீட்டுக்காரர் போட்ட சிமெண்ட் சறுக்கு, எல்லாமே ரோடுதான். எங்க தெருவ சந்துன்னே சொல்லிட்டு இருந்தோம், அளந்தா 40 அடி.

அடுத்து ஒரு மணி நேரம் எண்ணுங்க, வண்டிய இல்ல, ஆள. கார் போனா உள்ள எத்தன தலைன்னு கோடு போடுங்க, முக்காவாசி ஒன்னுதான் இருக்கும். நடந்து வேலைக்கு வர்ற அக்காங்க, சைக்கிள்ல ட்யூஷன் போற பசங்க, பால் போடறவரு, இவங்க யாரும் அசோசியேஷன் மீட்டிங்குக்கு வரமாட்டாங்க, வர்றது கார் வச்சிருக்கவங்க, அதனால இந்த நம்பர் உங்க கைல இல்லன்னா பேச்சு பார்க்கிங்க விட்டு நகரவே நகராது.

இப்ப கணக்கு. 40 அடில போக ஒரு லேன், வர ஒரு லேன், லேனுக்கு 10 அடி, பஸ்ஸே போகும். மிச்சம் 20. ரெண்டு பக்கமும் ஆறரை ஆறரை ப்ளாட்ஃபாரம், மீதி 7 அடில ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங், நாலு காருக்கு ஒரு மரம். ஐ.ஆர்.சி. 103னு (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் போட்டது) நடைபாதைக்கு ஒரு விதிமுறை இருக்கு, குறைஞ்சது 1.8 மீட்டர், அதாவது 6 அடி, தடையில்லாம இருக்கணும்கறான். தடையில்லாமங்கறதுதான் முக்கியம், ஈபி பில்லர் பாக்ஸ், அதான் தெருவோரத்து கரண்டுப் பெட்டி, நடுவுல நின்னா 6 அடி 2 அடி ஆயிடும். பெட்டிய நகத்த முடியலன்னா அந்த எடத்துல பார்க்கிங்க வெட்டி ப்ளாட்ஃபாரத்த வெளிய தள்ளுங்க.

உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல வேணாம். முக்கா அடி, ஒரு அடி வச்சா வயசானவங்க ஏற மாட்டாங்க. எங்க தெருவுல ஒரு பாட்டி ஒவ்வொரு கேட்டுக்கும் நின்னு, மரத்தப் புடிச்சு இறங்கி, மறுபடி ஏறி, நாலாவது வீட்டோட ரோட்டுக்கே இறங்கிட்டாங்க. ஏன்னா கார் உள்ள போகன்னு ஒவ்வொரு கேட் முன்னாடியும் ப்ளாட்ஃபாரத்தையே இறக்கி வச்சிருந்தாங்க. செய்ய வேண்டியது தலைகீழ். ப்ளாட்ஃபாரம் ஒரே மட்டத்துல போகட்டும், சறுக்கு ஓரத்துல ஒன்றரை அடிக்குள்ள முடியட்டும், கார்தான் ஏறி இறங்கணும். க்ராஸிங்கும் அப்படியே, ப்ளாட்ஃபாரம் உயரத்துக்கே மேடு கட்டுங்க, தனியா ஸ்பீட் பிரேக்கர் தேவையில்ல.

தெரு முனைய அகலமா வளைச்சு விட்டா வண்டிக்காரன் ப்ரேக்கே புடிக்காம திரும்புவான். இறுக்கமா வைங்க. கோலமாவால முனைல கோடு போட்டு, நாலு கோன் வச்சு, ஒரு வாரம் பாருங்க. குப்பை லாரியும் ஆம்புலன்ஸும் திரும்புதான்னு அப்பவே தெரிஞ்சிடும், பெருசா செலவும் இல்ல.

சைக்கிளுக்கு பச்ச பெயின்ட் அடிச்சு தனி லேன் கேக்காதீங்க, மறுநாள் அதுல டூவீலர் நிக்கும். சின்னத் தெருவுல வேகம் 30க்குக் கீழ வந்துட்டா சைக்கிள் ரோட்டுலயே போலாம். பெரிய ரோடுன்னா தடுப்பு வச்சு 2 மீட்டர் கேளுங்க. அப்பறம் ஒரு கார் நிக்கற எடத்துல 10 சைக்கிள் ஸ்டாண்டு, கடை வாசல்லயே.

சென்னை தி.நகர் பாண்டி பஜார்ல ப்ளாட்ஃபாரத்த அகலமாக்கி 2019 நவம்பர்ல திறந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு, நடக்கவே போனோம். கொஞ்ச நாள்ல ப்ளாட்ஃபாரத்துல பைக் ஏற ஆரம்பிச்சுது. போலார்டு, அதான் வண்டி ஏறாம நட்டு வைக்கற குட்டைத் தூணு, கார மட்டும்தான் நிறுத்தும், வீல்சேருக்கு 3 அடி விட்டா அதுல ஸ்கூட்டியும் நுழையும். அதுக்கு என் வைத்தியம் பூக்காரம்மா, இளநீர் வண்டி, பெஞ்சு. ஓரமா ஆள் இருக்கற எடத்துல பைக்காரனுக்கு கூச்சம் வரும். தள்ளுவண்டிய விரட்டி அழகு பண்ணாதீங்க, 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி அவங்களுக்கும் எடம் குறிக்கணும்.

மனு எழுதறப்ப ரெண்டு விஷயத்தச் சேருங்க. சென்னை மாநகராட்சி 2014ல மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கைன்னு ஒன்னு கொண்டுவந்துச்சு, போக்குவரத்துப் பட்ஜெட்ல 60 சதவீதமாவது நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு அதுல இருக்கு. இன்னொன்னு, 2021ல தலைமைச் செயலரா இருந்த இறையன்பு, பழைய தார சுரண்டி எடுத்துட்டுதான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டாரு. இது உங்களுக்கு ஏன்னா, சுரண்டாம மேல மேல போட்டா ரோடு ஏறி உங்க 15 சென்டிமீட்டர் ப்ளாட்ஃபாரம் காணாமப் போயிடும், மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரும்.

வேலை ஆரம்பிக்கற அன்னிக்கு லீவு போட்டு அதே டேப்போட போய் நில்லுங்க. ப்ளான்ல ஆறரைன்னு இருக்கறது சைட்ல நாலரை ஆகும், "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்"ம்பாங்க. கர்ப் கல்லு (ப்ளாட்ஃபாரத்து ஓரக் கல்லு) வைக்கறதுக்கு முன்னாடி சொன்னா நகத்துவாங்க, சிமெண்ட் காஞ்சப்பறம் ஒருத்தரும் தொட மாட்டாங்க.