மைக்ரோவேவ் இரைகிறது, சூடு வரவில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, நேரம் குறைந்துகொண்டே வருகிறது. கூடவே வழக்கத்தில் இல்லாத ஒரு முரட்டு இரைச்சல். நின்றதும் எடுத்துப் பார்த்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சாம்பார் அப்படியே சில்லென்று இருக்கிறது. "சரி, இன்னும் இரண்டு நிமிஷம் வைத்துப் பார்ப்போம்" என்று மறுபடி ஸ்டார்ட்டை அழுத்துவோம். முதல் தவறு அதுதான்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை ஓவனுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் 2000 வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. கெபாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதைச் சுமார் 4000 வோல்ட் ஆக்கி மேக்னெட்ரானுக்குக் கொடுக்கின்றன. உணவைச் சூடாக்கும் அலை மேக்னெட்ரானில்தான் பிறக்கிறது. கெபாசிட்டர், டயோடு, மேக்னெட்ரான் மூன்றில் ஏதாவது ஒன்று ஷார்ட் ஆனாலும் டிரான்ஸ்பார்மர் சுமை தாங்காமல் உறுமும். அந்த நேரம் சமையலறை விளக்கும் மங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதற்கு மேலும் ஓட்டினால் ஒரு டயோடு விலையில் முடிய வேண்டிய வேலை, டிரான்ஸ்பார்மரும் கருகி எங்கேயோ போய் நிற்கும். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் எல்லாச் சத்தமும் இந்தச் சத்தம் இல்லை. கடகடவென்று வந்தால் பெரும்பாலும் தட்டுக்கு அடியில் உள்ள சக்கர வளையத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ பருக்கையோ ஒட்டியிருக்கும். வளையத்தையும் நடுவில் தட்டைச் சுற்றும் கப்ளரையும் கழுவித் துடைத்துப் போட்டால் போய்விடும். படபடவென்று பொறி பறந்தால் உள்ளே பக்கவாட்டுச் சுவரில் பழுப்பு அட்டை மாதிரி ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். அதுதான் மைக்கா ஷீட். குழம்பு தெறித்துக் காய்ந்த இடம் கருகியிருக்கும். "அட்டைதானே" என்று பிய்த்து எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எண்ணெயும் ஆவியும் நேராக மேக்னெட்ரான் பக்கம் போகும். மைக்கா விலை குறைவு, அளவுக்கு வெட்டிப் பொருத்தலாம். தட்டு ஒரு தடவை வலப்பக்கமும் அடுத்த தடவை இடப்பக்கமும் சுற்றுவது பழுதே இல்லை. பல மாடல்களில் மோட்டார் அப்படித்தான்.

பழுதே இல்லாமல் சர்வீஸுக்குப் போகிற ஓவன்களும் நிறைய. நம் வீடுகளில் சூடான காற்றால் பேக்கிங் செய்யும் வசதியும் உள்ள கன்வெக்ஷன் மாடல் அதிகம். கை தவறி கன்வெக்ஷனில் வைத்துவிட்டால் பின்பக்க விசிறி ஓங்கி இரையும், ஒரு நிமிடத்தில் சாதம் சூடாகாது. சத்தமும் உண்டு, சூடும் இல்லை, ஆனால் தப்பு பட்டனில்தான். சில மாடல்களில் கடையில் காட்டுவதற்கென்று டெமோ மோடு இருக்கும். எல்லாம் நடக்கும், சூடு மட்டும் வராது. அப்புறம், பவரைப் பாதியில் வைத்தால் உறுமல் விட்டுவிட்டுத்தான் வரும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவில் சூடும் நன்றாகவே குறையும். டிவி, மிக்ஸிக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால் முதலில் அதை எடுங்கள். இதற்குத் தனியாகப் பெரிய பவர் பிளக் வேண்டும்.

முரட்டு உறுமல் இல்லை, சூடு மட்டும் குறைவு என்று தோன்றினால் ஒரு சோதனை. ஒரு லிட்டர் தண்ணீரை முழு பவரில் 2 நிமிடம் வைத்து, முன்னும் பின்னும் சமையல் தெர்மாமீட்டரில் பாருங்கள். எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ அதை 35-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எத்தனை வாட் கிடைக்கிறது என்று தெரியும். 20 டிகிரி ஏறியிருந்தால் 700 வாட். 800 என்று எழுதியிருக்கும் ஓவனுக்கு அது மோசமில்லை. 8 டிகிரிதான் ஏறியது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

இனி, எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு: வீடியோ பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருவது. மிக்ஸி, கிரைண்டரைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறக்கலாம். இது அந்த ஜாதி இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். அதை வடியவைக்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும்தான். அது எரிந்து போயிருந்தால் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வெளி மூடியைக் கழற்றுவது உங்கள் வேலை இல்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக் வந்தாலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். வந்த வேகத்தில் "மேக்னெட்ரான் போச்சு" என்பவரிடம் டோர் சுவிட்ச், டயோடு, கெபாசிட்டரைப் பார்த்தாரா என்று கேளுங்கள். இருப்பதில் விலை கூடிய பாகங்களில் ஒன்று மேக்னெட்ரான், கடைசியாகத்தான் அதற்கு வர வேண்டும். இந்த டயோடைச் சாதாரண மல்டிமீட்டரில் வைத்தால் நல்ல டயோடும் இரண்டு பக்கமும் ஒன்றும் காட்டாது. மீட்டரோடு 9 வோல்ட் பேட்டரி சேர்த்துச் சோதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கடத்தினால்தான் ஷார்ட் என்று அர்த்தம். எரிந்த ஃப்யூஸுக்குப் பதில் கம்பி சுற்றித் தருகிறேன் என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். கதவு சுவிட்ச் பழுதானால் வேண்டுமென்றே ஃப்யூஸை எரித்து, கதவு திறந்த நிலையில் ஓடாமல் காப்பது ஓவனின் ஏற்பாடு. கம்பி அதைக் கெடுத்துவிடும்.

கூப்பிடுவதற்கு முன் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். மெஷினுக்கு ஒரு வருடம் முடிந்திருந்தாலும் மேக்னெட்ரானுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் வருடங்கள் தரும் நிறுவனங்கள் உண்டு. வெளி ஆள் திறந்திருந்தால் அதுவும் கிடைக்காமல் போகலாம்.

புது பாகம் போட்டபின் அதே பழைய பழக்கங்கள் தொடர்ந்தால் மறுபடி இதே கதை. காலியாக ஓட்டினால் அலை உணவில் அடங்காமல் மேக்னெட்ரானுக்கே திரும்பி அதைச் சுட்டுவிடும். பிள்ளைகள் பட்டனை அமுக்கி விளையாடும் வீட்டில், ஓடாதபோது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஷெல்பில் இடைவெளி இல்லாமல் திணித்து, மேலே செய்தித்தாளும் அடுக்கி வைத்தால் காற்றோட்டம் நின்று, உள்ளே சூடு ஏறியதும் பாதுகாப்பு சுவிட்ச் தானே சூடாக்குவதை நிறுத்திவிடும். விசிறி மட்டும் ஓடும், ஆறியபின் தானே சரியாகும். அதைப் பழுது என்று நினைத்துப் பாகம் மாற்றியவர்களும் இருக்கிறார்கள். உள்சுவரில் பெயிண்ட் உரிந்து துரு ஓட்டை விழுந்திருந்தால் மட்டும், மேக்னெட்ரானுக்குச் செலவு செய்யாமல் அந்தக் காசைப் புது ஓவனில் போடுங்கள்.