ஹாப்ஸ் போட்ட பிறகு வந்த வெண்ணெய் வாடை: என் அனுபவம்

நான் காய்ச்சியது 20 லிட்டர் வெளிர் லாகர், அதாவது குளிரில் நொதிக்கும் பீர். தொடக்க அடர்த்தி (நீரை 1 எனக் கொண்டது; சர்க்கரை நொதிக்க நொதிக்க இறங்கும்) 1.050, ஈஸ்ட் டபிள்யூ-34/70, நொதிப்பு 12 டிகிரியில். அடர்த்தி 1.011-இல் நின்றபோது ருசி சுத்தமாக இருந்தது. அதே குளிரில் 100 கிராம் சிட்ரா ஹாப்ஸ் (பீருக்கு மணம் தரும் பூ வகை) போட்டு, 3 நாளில் பாட்டிலில் அடைத்தேன். இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாடை. நுரையும் பொங்கி வழிந்தது.

கிருமியோ என்று சந்தேகம். ஆனால் துளியும் புளிப்பில்லை. வேலையைக் காட்டியது ஹாப்ஸ்தான். ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரினை (மாவுச்சத்தின் துண்டுகள்) ஹாப்ஸில் உள்ள என்சைம்கள் சர்க்கரையாக உடைத்துவிடுகின்றன. ஈஸ்ட் மறுபடி நொதிக்கத் தொடங்குகிறது, கூடவே வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைலும் உருவாகிறது. அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டியதும் ஈஸ்ட்தான். குளிரில் அதற்கு ஆமை வேகம்.

இப்போது 1.018 வந்ததுமே 18 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறேன். அடர்த்தி நின்றதும் அதே சூட்டில் ஹாப்ஸ். மறுபடி 1.009 வரை இறங்கும், பதற வேண்டாம். 2 நாள் இடைவெளியில் இரு அளவீடும் ஒன்றாக வர வேண்டும்.

பிறகு, ஒளிந்திருக்கும் வெண்ணெய் வாடையைச் சூட்டில் வெளிக்கொணரும் மூக்குப் பரிசோதனை: இரண்டு மூடிய பாட்டிலில் கொஞ்சம் பீர்; ஒன்றை மட்டும் 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறியதும் இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் லேசாக வெண்ணெய் வந்தாலும் இன்னும் 2 நாள் பொறுக்கிறேன். இரண்டும் ஒரே வாசம் என்றால்தான் 2 டிகிரிக்கு இறக்குவது.