மழையில் மலையேறும் நண்பர்கள் செய்கிற தவறுகள்

தனியாக மலையேறப் போகிறவர் மேகம் கறுப்பதைப் பார்த்ததும் பேசாமல் திரும்பிவிடுவார். ஆறு பேராகப் போனால் கதை வேறு. ஆறு பேருக்கும் உள்ளுக்குள் உதறல்தான், ஆனால் "நாம் ஏன் முதலில் சொல்ல வேண்டும்" என்று ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள். மோசமான வானிலையில் நடக்கும் பாதித் தவறுகள் இந்த மௌனத்தில்தான் தொடங்குகின்றன. கிளம்பும் முன்பே இரண்டு விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள்: எத்தனை மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புவது, யாராவது ஒருவர் "போதும்" என்றால் கேள்வி கேட்காமல் எல்லோரும் திரும்புவது.

அந்த நேரத்தைக் குத்துமதிப்பாகக் குறிக்கக் கூடாது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். இதில் ஓய்வும் இல்லை, சேறும் வழுக்கலும் இல்லை. மழையில் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறை நானும் செய்திருக்கிறேன், முன்னால் போகிறவனாக. வேகமானவர்கள் ஒரு பாறையருகே நின்று பின்னால் வருபவருக்காகக் காத்திருப்பார்கள். தண்ணீர் குடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா? சரி, கிளம்பலாம்!" ஓய்வு யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும் அது கிடைப்பதே இல்லை. மெதுவாக நடப்பவரை முன்னுக்கு விட்டு, பழகிய ஒருவர் கடைசியில் வரட்டும். மூடுபனி இறங்கினால், முன்னால் போகிறவரின் முதுகு தெரியும் தூரத்தில்தான் ஒவ்வொருவரும் நடக்க வேண்டும்.

உடை விஷயத்தில் ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். அதோடு காற்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்: 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே என்றுதான் உறைக்கும். மழைக்கோட்டை நனைந்த பிறகு மாட்டுவதால் பெரிய பயன் இல்லை. தூறல் தொடங்கும்போதே நின்று போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பரின் விரல்களையும் கவனியுங்கள். ஜிப்பைப் பிடிக்க முடியாமல் தடுமாறுகிறாரா, பேச்சு குழறுகிறதா, சமதளத்திலேயே கால் இடறுகிறதா? "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் நம்பாதீர்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நடுக்கம் நின்றதும் தேறிவிட்டார் என்று நினைப்பார்கள். உடம்பு சூடாகாமல் நடுக்கம் மட்டும் நின்றால் நிலைமை முற்றுகிறது என்று பொருள். காற்று படாத இடத்தில் உட்காரவைத்து, ஈர உடையை மாற்றி, போர்த்தி, தெளிவாக விழுங்க முடிந்தால் இனிப்பாகச் சூடாக ஏதாவது கொடுத்து, உதவிக்கு ஆள் அழையுங்கள். மது கூடவே கூடாது. அது தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சிச் சூடேறியதுபோலக் காட்டும், இருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும்.

இடி கேட்டால் மலைமுகட்டை விட்டு உடனே இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்குவதும், பயத்தில் எல்லோரும் ஒட்டிக்கொண்டு நிற்பதும் தவறு. இடைவெளி விட்டு நின்றால் ஒரு மின்னல் எல்லோரையும் தாக்கும் வாய்ப்பு குறையும், உதவ ஒருவராவது மிஞ்சுவார். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடமாவது முகட்டுப் பக்கம் போக வேண்டாம்.

காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை மாலையில் இடுப்பளவு ஓடும். கடந்தே தீருவேன் என்று இறங்காதீர்கள். மழை விட்டபின் சிறிய ஓடைகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

வழி தவறினால் "நீ அந்தப் பக்கம் பார், நான் இந்தப் பக்கம்" என்று பிரியவே கூடாது. ஓடையைப் பிடித்தே கீழே இறங்கிவிடலாம் என்பதும் ஆபத்தான யோசனை, அது அருவி விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தலாம். போனை நம்பி இருக்காதீர்கள், குளிரில் பேட்டரி படுத்துவிடும். விசில் படுக்காது. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். பதிலுக்கு மூன்று முறை விசில் கேட்டால் யாரோ கேட்டுவிட்டார்கள். அப்போதும் ஊதுவதை நிறுத்தாதீர்கள், சத்தத்தை வைத்துத்தான் உங்களைத் தேடி வருவார்கள்.